கறுத்துப்போன செம்புச் சொம்பு

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதன் பிறகு பேனாவைத் தொட்டதெல்லாம் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடத்தான். ஞாபகமும் முன்போல இல்லை. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறு எங்காவது போய்விடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் வந்து பேசு என்றால் இன்னும் மோசம். நாலு பேர் என் முகத்தையே பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதித் தருகிறேன் என்று மேடத்திடம் சொன்னேன்.

நம் அலுவலகத்தில் மேடத்தின் மேசை ஓரத்தில் ஒரு செம்புச் சொம்பு இருக்கிறதே, கறுத்துப்போய், அதைப் பற்றி உங்களில் ஒரு பிள்ளை கேட்டதாம். விளக்கித் தரட்டுமா என்றும் கேட்டதாம். நல்ல மனசு. ஆனால் அதைத் தொட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் குடோன் கதை ஒன்றைச் சொன்னால்தான் சொம்புக் கதை புரியும்.

நீங்கள் சேர்ந்திருக்கும் வேலையும் நான் செய்த வேலையும் ஒன்றுதான். குடோனில் மூட்டைகளை அடுக்கி, மேலே பெரிய தார்ப்பாயைப் போர்த்தி, உள்ளே வண்டு மாத்திரையை வைத்து மூடுவது. மாத்திரை காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்து விஷக்காற்றாக மாறும். வண்டு சாகும். ஆள் நின்றாலும் சாவான். தார்ப்பாயின் ஓரம் தூக்கிக்கொள்ளாமல் இருக்க, சாக்குத்துணியில் மணல் நிரப்பித் தைத்த நீள உருளைகளைச் சுற்றிலும் வைப்போம். மணல் பாம்பு என்று பெயர். அதைத் தைப்பதும் வைப்பதும் பெண்கள் வேலை. நான் சேர்ந்ததும் அதற்குத்தான்.

மேடம் எங்களுக்கு வந்தபோது என் மகளைவிடச் சின்னப் பிள்ளை. ரசாயனம் படித்து, அரசாங்கத்தில் உரிமம் வாங்கி வந்திருந்தார். உரிமம் உள்ளவர் நிற்காமல் அந்த மாத்திரை டப்பாவைத் திறக்கவே கூடாது என்பது சட்டம். அதனால் நாங்கள் லைசென்ஸ் மேடம் என்போம். அவர் வந்ததும் முதலில் சொன்னது, உடம்பில் இருக்கிற உலோகத்தையெல்லாம் கழற்றுங்கள் என்று. இந்தக் காற்று செம்பைக் கறுக்கவைக்கும், நகையையும் மங்கடிக்கும் என்றார். பெண்கள் தாலியைக் கழற்றமாட்டோம் என்று ஒரே பிடியாக நின்றார்கள். அவர் கோபப்படவில்லை. கடைக்குப் போய் மஞ்சள் கயிறு வாங்கி வந்தார். "குடோனுக்குள்ள இருக்கிற வரைக்கும் கயித்தைக் கட்டிக்கங்க. தங்கத்தை டப்பாவுல போட்டுப் பூட்டி, சாவிய நீங்களே வெச்சுக்கங்க" என்றார். அதன் பிறகு யாரும் மறுக்கவில்லை. இன்றைக்கும் அதே வழக்கம்தான் என்று கேள்விப்பட்டேன்.

குடோன் கதைக்கு வருகிறேன். அறந்தாங்கிப் பக்கம் ஒரு கடலைக் குடோன். மருந்து வைத்து மூடிவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தோம். மேடம் கையில் வைத்திருந்த மீட்டர் கத்த ஆரம்பித்தது. எங்கோ கசிகிறது. குடோன் பெரிசு, உள்ளே ஒவ்வொரு மூலையாகத் தேடிக்கொண்டு நிற்க முடியாது. வெளியே நிழலில் சுமை தூக்குகிறவர்கள் படுத்திருந்தார்கள். குடோன் முதலாளி ஓடி வந்தார்.

"எவன்டா கைய வெச்சது? எவன்?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவர் கேட்கக் கேட்க வாய்கள் இறுகிக்கொண்டே போயின. மேடம் முதலாளியை ஒதுங்கச் சொல்லிவிட்டு, முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"யாருன்னு எனக்கு வேணாம். எந்த மூலைன்னு மட்டும் சொல்லுங்க."

கூட்டத்திலிருந்து ஒரு குரல், "மேக்கால மூலை, மேடம்."

விஷயம் இதுதான். வேலை முடிகிற நேரத்தில் ஒருவர் ஒரு மணல் பாம்பை எடுத்துப் போய்த் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார். தலையணைக்கு அது அவ்வளவு தோதாக இருக்குமாம். மேடம் முகமூடி போட்டுக்கொண்டு நேராக அந்த மூலைக்குப் போய் அடைத்துவிட்டு வந்தார்.

"அவனை நாளைக்கே நிப்பாட்டுறேன்" என்றார் முதலாளி.

"நிப்பாட்டுனீங்கன்னா, அடுத்த தடவ இங்க எது கசிஞ்சாலும் ஒருத்தர் வாயத் தெறக்கமாட்டாங்க. பரவால்லையா?" என்றார் மேடம்.

முதலாளி நிறுத்தவில்லை. மணல் பாம்பு எடுத்தவர் அதன் பிறகு எங்கள் மூட்டைகளுக்குக் காவல்காரர் மாதிரி ஆகிவிட்டார். பக்கத்தில் நாய் போனால்கூட விரட்டுவார்.

இனி சொம்பு.

அரிமளத்துக்குப் பக்கத்தில்தான் என் ஊர். எங்கள் அடுத்த தெருவில் மீனாள் என்று ஒரு பெண். என்னைவிட வயதில் இளையவள். அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டிருப்பாள். அவள் வீட்டுக்காரர் வளைகுடா நாட்டில் வேலை. ஊரில் நிலத்தையும் வீட்டையும் பார்த்துக்கொள்வது அவருடைய அண்ணன். பெரியவர் என்றுதான் ஊரில் எல்லாரும் சொல்வோம். கூட்டுக்குடும்பம், பெரிய வீடு. மீனாளின் சின்ன மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். தகப்பனார் விடுப்பில் வந்திருந்தார். கல்யாணச் சாப்பாட்டுக்குச் சொந்த வயல் நெல்லைத்தான் அரைத்து வைத்திருந்தார்கள். அதில் பெரியவருக்கு ரொம்பப் பெருமை.

கல்யாணத்துக்கு முதல் நாள் எனக்கு வேலை இல்லை. காய் நறுக்கப் போனேன். காலையில் மேளம் வைத்துப் பெண்ணுக்குக் காப்புக் கட்டினார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, பின்கட்டில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். மலை மாதிரிப் பூண்டு. எங்கள் வேலையில் அந்த விஷக்காற்று பூண்டு வாசனை மாதிரி வரும் என்பார்கள் இல்லையா. அன்றைக்கு அந்த வீடு முழுக்கவே பூண்டுதான். மூக்கால் என்ன தெரியும்.

மீனாளின் நாத்தனார், பெண்ணுக்கு அத்தை, உக்கிராண அறையிலிருந்து ஒரு செம்புச் சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உக்கிராண அறை என்பது அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் வைத்துப் பூட்டியிருந்த உள்ளறை. பெரியவர் மகனைக் கட்டி வந்த புது மருமகள் முன்னால் சொம்பை டக்கென்று வைத்தாள்.

"இதுதான் ஒங்க ஊர்ல வெளக்குற லெச்சணமா? நாளைக்குச் சபையில வைக்கிற சொம்பு. அடுப்புல வெச்ச மாதிரி இருக்கு."

மருமகள் சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அத்தே, நேத்துச் சாயந்தரம் புளி போட்டு நான்தானே வெளக்குனேன். மூஞ்சி தெரிஞ்சுச்சு. பொட்டு சரியா இருக்கான்னு இதுலதான் பாத்துக்கிட்டேன்."

"அப்ப ராத்திரி யாரு வந்து கரி பூசுனா? ஒங்க அம்மாவா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நன்றாக விளக்கிய செம்பு ஒரே ராத்திரியில் இப்படிக் கறுக்காது. குடோனில் பார்த்த கறுப்பு மாதிரியே இருந்தது. ஆனால் உறுதியாகச் சொல்ல நான் யார்? ஈரத்தோடு வைத்திருக்கலாம். பக்கத்தில் ஏதாவது கொட்டியிருக்கலாம். கல்யாண வீட்டில் போய் எதைச் சொல்ல முடியும்?

அப்போது மீனாளின் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மூத்த மகள் வந்தாள். பிள்ளைக்கு நாலு வயதுகூட இருக்காது. இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டதாம். தலை துவண்டு கிடந்தது.

"பஸ்ஸுல வந்த பித்தம்" என்றாள் ஒருத்தி. "கண்ணு பட்டிருக்கும், மொளகா சுத்திப் போடு" என்றாள் இன்னொருத்தி.

"எங்க படுக்க வெச்சிருந்த?" என்று கேட்டேன்.

"உக்கிராணத்துக்குப் பக்கத்து ரூம்புல, பெரியம்மா. அங்கதான் குளுகுளுன்னு இருக்கும்னு எல்லாப் பிள்ளைகளையும் படுக்கப் போட்டோம். இன்னொன்னும் தலை வலிக்குதுங்குது."

பூண்டைப் போட்டுவிட்டு எழுந்தேன். கொல்லைக்குப் போய் மேடத்துக்குப் போன் போட்டேன். சொம்பு, வாந்தி, அறை என்று முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். நிச்சயமாகத் தெரியவில்லை மேடம் என்று இரண்டு மூன்று தடவை சொல்லியிருப்பேன்.

"அக்கா, நிச்சயமாத் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லலாம்னு நிக்காதீங்க. எல்லாரையும் வெளிய கொண்டாங்க. வெளிய நின்னு யோசிக்கலாம். தப்பா இருந்தா நானே வந்து அந்த வீட்ல மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். பிள்ளையை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மற்ற கதவு ஜன்னல்களைத் திறந்துவிடலாம். அந்த அறைக் கதவை மட்டும் திறக்கக் கூடாது. திறந்தால் உள்ளே அடைந்திருப்பது வீடு முழுக்கப் பரவும். யாராவது தண்ணீர் ஊற்றப் போனால் தடுக்க வேண்டும்; தண்ணீர் பட்டால் இன்னும் வேகமாகக் கிளம்பும். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு யாரும் உள்ளே போக வேண்டாம். இந்தக் காற்றுக்குத் துணி ஒரு தடுப்பே இல்லை. தீயணைப்பு வண்டிக்குத் தாமே சொல்லிவிட்டுக் கிளம்பி வருவதாகச் சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டுக் கார் ஒன்று வாசலில் நின்றது. பிள்ளையையும் தலைவலி என்ற இன்னொரு பிள்ளையையும் அதில் ஏற்றிப் புதுக்கோட்டைக்கு அனுப்பினோம். மற்ற பிள்ளைகளையும் எழுப்பிப் பந்தலுக்கு விரட்டிவிட்டு, மீனாளை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது.

"அக்கா, காப்புக் கட்டுன பிள்ளையாச்சே. எப்புடி வீட்ட விட்டு எறக்குறது? வெசம்னு ஒரு வார்த்த வெளிய போனா, ஆளுக்கு ஒரு பக்கம் ஓடி, சாமான எடுக்குறேன் நகைய எடுக்குறேன்னு அந்த ரூம்புக்குள்ளதானே போவாங்க?"

அவள் சொன்னது சரிதான். நகைப்பெட்டியும் அங்கேதான் இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவளுக்குத்தான் தோன்றியது.

"மேளத்த எடுக்கச் சொல்லுறேன். பொண்ணு கோயிலுக்குக் கும்பிடப் போகுதுன்னு சொல்லுவோம். மேளம் முன்னால போனா வீட்ல ஒரு ஈ தங்காது."

மேளக்காரர்கள் பந்தலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நாதஸ்வரக்காரர் எழுந்து உட்கார்ந்து, "இப்பவா தாயி? வெயிலு தாழ விட்டுப் போறதுன்னுல்ல பேச்சு" என்றார்.

"நல்ல நேரம் இப்பத்தான்னு அய்யரு போன் பண்ணிட்டாரு" என்றாள் மீனாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

தவில் அடி விழுந்ததுதான் தாமதம். பெண் முன்னால், தாம்பாளத்தோடு அத்தை பின்னால், சேலையை உதறிக் கட்டிக்கொண்டு மற்றவர்கள். பந்தலில் நின்ற பிள்ளைகளை நான் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் கொண்டுவந்தேன். "செருப்பப் போட விடுங்கத்தா" என்று ஒருத்தி சண்டை பிடித்தாள். "சாமிக்குச் செருப்பு எதுக்கு, நட" என்று தள்ளினேன். எனக்கு அவ்வளவு அதட்டத் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சீட்டாடிக்கொண்டிருந்த ஆண்கள்கூட எழுந்து வந்துவிட்டார்கள். அரை நாழியில் வீடு காலி என்றுதான் நினைத்தோம்.

ஊர்க்கோடியில் கோயில். நல்ல காற்று. அங்கே போன பிறகுதான் மீனாள் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் கோபக்காரர். அதோடு ஆஸ்பத்திரிக்குப் போன பேத்தியின் நினைப்பு வேறு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார்.

"எவன் வேலை இது? உக்கிராணத்துக்குள்ள என்னத்த வெச்சீங்க? எவன் வெச்சான்?"

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தவில்காரர்கூடக் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்தக் கடலைக் குடோன் அப்படியே கண்முன் வந்தது. அதே தலைகுனிவு. இவர் இன்னும் இரண்டு தடவை கத்தினால் வைத்தவர் உயிர் போனாலும் சொல்லமாட்டார். கார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் டாக்டருக்கு என்ன மருந்து என்று சொல்ல வேண்டும். எங்கே எங்கே வைத்திருக்கிறது என்று தெரியாமல் தீயணைப்புக்காரர்களை உள்ளே அனுப்பவும் முடியாது.

பேச வேண்டும். நாக்கு ஒட்டிக்கொண்டது. கூட்டத்தைப் பார்த்தால் என்னால் முடியாது என்று தெரிந்தது. அதனால் திரும்பி, கோயில் வேப்பமரத்தைப் பார்த்து நின்றுகொண்டு சொன்னேன்.

"யாருன்னு யாரும் கேக்கல. நானும் பாக்கல. வண்டு மாத்திரதான்னா, எங்க இருக்கு, எத்தன எடத்துலன்னு மட்டும் வேணும். பிள்ளைக்கு வைத்தியம் பாக்கணும். எம் பின்னாடி வந்து நின்னு சொல்லிட்டுப் போங்க. நான் திரும்பமாட்டேன்."

மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீனாள் வீட்டுக்காரரை யாரோ கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிப்போவது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. மீனாளாகத்தான் இருக்கும். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. முதுகுக்குப் பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம்.

"மாத்திரதான். அரிசி மூட்டைக்கு ஊடால. தாள்ல மடிச்சு வெச்சது" என்றது ஒரு குரல். பிறகு போகாமல் அங்கேயே நின்றது. "மாடிப்படிக்குக் கீழ சின்ன ரூம்புல, உளுந்து டின்னுலயும் இருக்கு ஆத்தா."

அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். நான் திரும்பவில்லை.

மேடத்திடம் போனில் சொன்னேன். அவர் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டார். மாடிப்படி அறை என்று நான் சத்தமாகச் சொன்னதும் சமையல்காரர் எழுந்தார்.

"அங்கிட்டுத்தானே நம்ம பாக்கியம் படுத்திருந்துச்சு. தலைவலின்னு போச்சு. அதுவும் வந்திருச்சுல்ல?"

கூட்டத்தில் தேடினோம். பாக்கியம் வரவில்லை. பாத்திரம் கழுவ வந்த பெண். வெளியூர். அவளைத் தேட அங்கே சொந்தக்காரர் யாரும் இல்லை.

இரண்டு பேர் ஓடப் பார்த்தார்கள். நான் குறுக்கே நின்றேன். தீயணைப்பு வண்டி அப்போதுதான் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. முதுகில் காற்று உருளை மாட்டிக்கொண்டு, முகமூடியோடு இறங்கினார்கள். வாசல், கூடம், இடது கைப் பக்கம் மாடிப்படி, அதன் கீழே கதவு என்று சமையல்காரர் கூடவே போய் வாசலில் நின்று சொன்னார். அவ்வளவு பெரிய வீட்டில் அறை அறையாக அவர்கள் தேடவில்லை. நேராகப் போய், அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மூச்சு இருந்தது. பேச்சு இல்லை. ஆம்புலன்ஸ் ஏற்றிப் போனது.

அதற்குப் பிறகு மேடம் வந்தார், மீட்டரோடு. சந்தேகமே இல்லை என்றார். வீட்டை இரண்டு நாள் திறந்து போட வேண்டும், அரிசியைச் சாப்பிடக் கூடாது என்றார். ஊரில் வீட்டுக்கு வீடு அரிசி கொடுத்தார்கள். மறுநாள் கோயில் வாசலில் பந்தல் போட்டுத்தான் தாலி கட்டினார்கள். நாதஸ்வரக்காரர் என்னைப் பார்த்து, "நல்ல நேரம்னு சொன்னது நெசந்தான் தாயி" என்றார்.

பேத்தி நாலைந்து நாளில் ஓடி ஆடிக்கொண்டு வந்தது. பாக்கியத்துக்குக் கூடுதல் நாள் ஆனது. இதயம் தளர்ந்துவிடும் என்று டாக்டர் பயந்தாராம். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாதாம். உடம்பைத் தாங்கிப் பிடித்துப் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியமாம். இன்னது என்று முதலிலேயே தெரிந்ததால் அதைச் சரியாகச் செய்ய முடிந்தது என்று மேடத்திடம் சொன்னாராம். இன்றைக்கும் பாக்கியம் கல்யாண வேலைக்குப் போகிறாள். எங்கே படுத்தாலும் கதவைத் திறந்து போட்டுத்தான் படுக்கிறாளாம்.

மீனாள் வீட்டுக்காரர் வளைகுடாவுக்குத் திரும்புமுன் என் வீட்டுக்கு வந்தார். "அக்கா, குரலு யாருன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

"நான் மரத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன் தம்பி" என்றேன்.

கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கிராம சபைக் கூட்டம் வந்தது. மேடமும் வேளாண்மை அதிகாரி ஒருவரும் பேசினார்கள். இந்த மாத்திரையைச் சில்லறையாக விற்பதும் வாங்குவதும் தப்பு. ஆள் புழங்கும் வீட்டில் வைக்கவே கூடாது. வீட்டில் மிச்சம் இருந்தால் பிரிக்காமல் இடத்தைக் காட்டுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம், கேள்வி கேட்கமாட்டோம் என்றார்கள். யாரும் அசையவில்லை. எல்லாருக்கும் மிச்சம் இருந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் வண்டு இல்லாத வீடு ஏது.

அப்போது பெரியவர் எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"எங்க மாட்டுக் கொட்டாய்ல, பரண்ல ஒரு டப்பா இருக்கு. வந்து எடுத்துக்கங்க. எங்க வீட்டுக் கல்யாணத்துல வெச்சது நான்தான். வண்டு விழுந்த அரிசிய ஊருக்குப் போடக் கூடாதுன்னு வெச்சேன். எம் பேத்தியும் அந்த வெளியூருப் பிள்ளையும் பொழச்சது சாமி புண்ணியம்."

அவருடைய தம்பி வெளிநாட்டில் இருந்தார். மீனாள் முன் வரிசையில் இருந்தாள். அவள் எழுந்து போய்ப் பெரியவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதற்குப் பின்னால்தான் ஒவ்வொருவராக, "எங்க வீட்லயும் அடுப்படி மேல இருக்கு மேடம்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அன்று பொழுது போகும்வரை மேடம் வீடு வீடாகப் போனார். நான் வழி காட்டினேன்.

அந்தச் சொம்பை மீனாள் எங்களுக்கே கொடுத்துவிட்டாள். கெட்ட சொம்பு என்பதால் இல்லை. "அந்த மருமக பொய் சொல்லலைன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று சொல்லிக் கொடுத்தாள்.

பிள்ளைகளா, மீட்டர் பார்ப்பதும் முகமூடி மாட்டுவதும் உங்களுக்கு மேடம் என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவார். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஆபத்தான நேரத்தில் யார் என்று கேட்காதீர்கள். எங்கே என்று கேளுங்கள். யார் என்பது பிறகு வரும். தானாக எழுந்து நின்றுகூடச் சொல்லும். கேட்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றும் இல்லை.

இதில் சிலது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. தலைவலி என்று போன இரண்டாவது பிள்ளை யாருடையது, வீட்டைத் திறந்து போட்டது இரண்டு நாளா மூன்று நாளா, தண்ணீர் விஷயமும் சட்டத்து விஷயமும் நான் எழுதியது சரிதானா, இதையெல்லாம் மேடம் ஒரு தடவை பார்த்துத் திருத்திவிட்டு உங்களிடம் கொடுக்கட்டும். மருமகளையும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லியிருக்கிறேன். சொம்பில் முகம் பார்த்தது முதல் நாள் சாயந்தரமா, காலையிலா என்று அவளுக்குத்தான் தெரியும்.